எஸ்.ஐ.பி. பேனல் வீடு: மிச்சிகன் குளிரில் ஒரு மதிப்பீடு

மிச்சிகன் மாநிலத்தில் புது வீடு கட்ட இருப்பவர்கள், சுவராகவும் கூரையாகவும் நிற்கக்கூடிய, நடுவே நுரை வைத்த எஸ்.ஐ.பி. பேனல்களை நம்பி வாங்கலாமா என்று கேட்டால், சுவருக்குத் தயங்காமல் வாங்கலாம் என்றும், கூரைக்குச் சில நிபந்தனைகளோடு வாங்கலாம் என்றும் சொல்வேன். சுவரும் கூரையும் இந்தப் பேனல்களாலேயே அமைந்த வீட்டில் குடும்பத்தோடு வசிப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திச் செய்த, ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு ஓ.எஸ்.பி. பலகைகளுக்கு நடுவே, நாம் தெர்மாகோல் என்று அழைக்கும் நுரையை வைத்து ஒட்டியதுதான் இந்தப் பேனல். மூன்றும் ஒன்றாகப் பிணைந்து பாரத்தைத் தாங்குவதால் சுவருக்குள் தனியாக மரச்சட்டங்களை நெருக்கமாக நிறுத்த வேண்டியதில்லை. டவ் வேதி நிறுவனத்தைத் தொடங்கியவரின் மகனும் கட்டடக் கலைஞருமான ஆல்டன் டவ், 1950-களில் இதே மாநிலத்தின் மிட்லண்ட் நகரில் நுரைப் பேனல்களைக் கொண்டு வீடுகள் கட்டினார் என்பதால், இங்கே இது நேற்று வந்த பொருள் அன்று.

வழக்கமான மரச்சட்டச் சுவரில், மூலைகளையும் சன்னல் ஓரங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், பரப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மரமாகவே இருக்கும். அந்த மரமோ இடையில் அடைத்த கண்ணாடி இழைப் பஞ்சைப்போல இரண்டு மூன்று மடங்கு வெப்பத்தை வெளியே கடத்திவிடும். ஆகவே பஞ்சுப் பொதியின் மேல் அச்சிட்டிருக்கும் ஆர் மதிப்பு, அதாவது வெப்பம் கடப்பதைத் தடுக்கும் திறனின் அளவு, முழுச் சுவருக்கும் கிடைப்பதில்லை. எங்கள் சுவர்ப் பேனல் ஆறரை அங்குலத் தடிமன் உடையது, அதில் இரு பலகைகள் போக நுரை ஐந்தரை அங்குலத்துக்குச் சற்று அதிகம்; நுரைக்கு அங்குலத்துக்கு ஏறத்தாழ ஆர் 4 என்று கொண்டால் மொத்தம் 22 அளவில் வரும். அந்த மதிப்பு, கதவு சன்னல் ஓரங்களையும் இணைப்புகளில் வரும் மரத்தையும் தவிர, ஏறக்குறைய எங்கும் உண்மையாகவே கிடைக்கிறது. கடுங்குளிர் இரவிலும் வெளிச்சுவரை ஒட்டிக் கட்டிலைப் போட்டுப் படுக்க முடிகிறது.

ஆயினும் இந்தப் பொருளின் தரத்தைப் பேனலைவிட இணைப்புகளே தீர்மானிக்கின்றன. அலாஸ்காவின் ஜூனோ நகரில் 2001 வாக்கில் பல வீடுகளின் பேனல் கூரைகள் இணைப்போரங்களில் அழுகியிருப்பது கண்டறியப்பட்டது. சமையலிலும் குளியலிலும் எழும் ஈரக்காற்று, சரியாக அடைக்கப்படாத இணைப்புகளின் வழியே மேலேறி, குளிர்ந்த வெளிப்பலகையில் நீராகப் படிந்ததே காரணம். கூரை முகட்டில் அழுத்தம் மிகுவதால் அங்கேதான் ஆபத்தும் மிகுதி. எனவே ஒவ்வொரு இணைப்பிலும் மாஸ்டிக் பசையையும் நுரையையும் இடுவதோடு நில்லாமல், உட்புறம் முழுவதும் அதற்கென உள்ள டேப்பை ஒட்டச் செய்வது இன்றியமையாதது. எங்கள் கட்டுநர் இதை வீண்செலவு என்றார். விடாமல் வற்புறுத்தியே செய்ய வைத்தோம்.

காற்று புகாத வீடு மூச்சுவிடத் தனி ஏற்பாடு வேண்டும். வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றித் தரும் எச்.ஆர்.வி. கருவியைச் செலவுப் பட்டியலில் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். நம் வீடுகளில் தாளிப்பும் இட்லி ஆவியும் அன்றாடம் என்பதால் அடுப்பின் மேலே வெளியேற்றும் விசிறியும் கட்டாயம். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் அளவை வீட்டின் சதுர அடியைப் பார்த்து உத்தேசமாகச் சொல்பவர்களை ஏற்காமல், மேனுவல் ஜே முறையில் வெப்ப இழப்பைக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். பெரிய ஃபர்னஸ் அடிக்கடி எரிந்து அணைவதால் பேனலுக்குக் கொடுத்த பணத்தின் பயன் குறைந்துபோகிறது.

குறைகளும் உண்டு. மின்கம்பிகள் தொழிற்சாலையிலேயே நுரைக்குள் குடைந்து வைத்த துளைகளின் வழியேதான் செல்ல வேண்டும் என்பதால், ஒவ்வொரு சுவிட்சின் இடத்தையும் வரைபடத்திலேயே முடிவுசெய்தாக வேண்டும். பின்னால் மாற்றுவது பெரும்பாடு. தண்ணீர்க் குழாய்களை வெளிச்சுவரில் வைக்கவே கூடாது. பேனலின் விலை மரச்சட்டத்தைவிடக் கூடுதல், பெரிய பேனல்களைத் தூக்கக் கிரேன் வாடகை வேறு. கட்டும் காலம் சுருங்குவதால் கூலியில் ஒரு பகுதி மீளும், முழுவதும் மீளாது. கட்டெறும்புகள் நுரையைக் குடைந்து கூடு கட்டும் என்பதால் பூச்சிகளைத் தடுக்கும் போரேட் உப்பு கலந்த நுரையைக் கேட்டு வாங்குவது நல்லது. நுரை எரியக்கூடியது, உட்புறம் அரை அங்குல ஜிப்சம் பலகை போடுவதை எங்கும் விட்டுவிடக் கூடாது, கண்ணில் படாத அறைகளிலும்கூட.

ஒப்பந்தத்தில் ஒரு வரியை எழுதிச் சேர்க்கும்படி வாங்குவோரைக் கேட்டுக்கொள்கிறேன்: ஜிப்சம் பலகை போடுவதற்கு முன்பே, வாசலில் விசிறியைப் பொருத்திக் காற்றுக் கசிவை அளக்கும் புளோவர் டோர் சோதனையை 50 பாஸ்கல் அழுத்தத்தில் செய்து, கசியும் இணைப்புகளைக் கட்டுநர் தம் செலவிலேயே அடைத்துத் தர வேண்டும். பலகை ஏறிய பிறகு அந்த இணைப்புகளை எவரும் எட்ட முடியாது.