ஞாபக மறதிக்கு எந்த டப்பா? பினாங்கு மருந்தக அலமாரியில் ஓர் அலசல்

அம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், அப்பாவுக்குத் தெரிந்த வழியே குழம்புகிறது என்றதும் பிள்ளைகள் முதலில் ஏறுவது மருந்தகப் படிதான். ஜார்ஜ்டவுனில் பினாங்கு ஸ்ட்ரீட்டைச் சுற்றி எந்தக் கடைக்குப் போனாலும் கிங்கோ இலைச் சத்து, மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, டோகோட்ரைனால், மஞ்சள் சத்து, வல்லாரை மாத்திரை எல்லாம் ஒரே தட்டில் நிற்கும். கடைக்காரர் விலையை வைத்து ஒப்பிடச் சொல்வார். நான் வைத்துக்கொண்ட அளவுகோல் வேறு: இதை யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்? திடமாக இருக்கும் முதியவருக்கா, மறதி தொடங்கியவருக்கா, அல்சைமர் உறுதியானவருக்கா? டப்பாவில் இதை மட்டும் அச்சடிக்க மாட்டார்கள்.

கிங்கோவைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 3,069 பேரிடம் நடந்த ஆய்வு 2008-இல் வெளியானது. அவர்களில் 482 பேருக்கு ஏற்கெனவே லேசான நினைவுக் குறைபாடு இருந்தது. நாளுக்கு 240 மில்லிகிராம் வீதம் ஆறு ஆண்டுகள் எடுத்தும் பயனில்லை. முதுமை மறதி நோய் வந்தவர்கள் கிங்கோ பிரிவில் 277, மருந்தில்லாத வெற்று மாத்திரைப் பிரிவில் 246. போதாக்குறைக்கு, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ ஆஸ்பிரினோ எடுப்பவருக்கு ரத்தக்கசிவு அபாயமும் கூடலாம். என் பட்டியலில் இது கடைசி.

மீன் எண்ணெய் விஷயத்தில் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கம் "1000 மில்லிகிராம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது எண்ணெயின் எடை. மூளைக்கு வேண்டியது என்று சொல்லப்படும் ஒமேகா-3 கொழுப்பான டிஹெச்ஏ, சாதாரண ரகத்தில் பெரும்பாலும் 120 மில்லிகிராம்தான். லேசானது முதல் நடுத்தரம் வரையிலான அல்சைமர் நோயாளிகள் 402 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில் நாளுக்கு 2 கிராம் டிஹெச்ஏ கொடுத்தார்கள். அந்தக் கணக்குக்கு இந்த உருண்டை பதினேழு விழுங்க வேண்டும். அவ்வளவு கொடுத்துப் பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோதும் நோயின் வேகம் குறையவில்லை. அதற்கு வாரம் இரண்டு நாள் கெம்போங் மீன் குழம்பு வைத்துவிடலாம். சாப்பிட்ட திருப்தியாவது மிஞ்சும்.

வைட்டமின் ஈ-யைத்தான் அவ்வளவு லேசில் ஒதுக்க முடியவில்லை. லேசானது முதல் நடுத்தரம் வரையிலான அல்சைமர் உள்ள 613 முன்னாள் ராணுவத்தினரிடம் நடந்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2014-இல் வந்தது. குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளில் ஏற்படும் தளர்ச்சி சுமார் ஆறு மாதம் தள்ளிப்போனது. பராமரிக்கிறவர்களுக்கு ஆறு மாதம் சின்ன விஷயமில்லை. ஆனால் நினைவாற்றல் மேம்படவில்லை. கொடுத்த அளவு நாளுக்கு 2,000 யூனிட். டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் தொடக் கூடாத அளவு அது. இதே அளவை லேசான நினைவுக் குறைபாடு உள்ளவர்களுக்குக் கொடுத்த 2005 ஆய்வில், அது அல்சைமராக முற்றுவதைத் தடுக்கவில்லை. ஒரே மாத்திரை, ஆள் மாறியதும் விடை மாறிவிட்டது.

வைட்டமின் ஈ குடும்பத்தைச் சேர்ந்த டோகோட்ரைனால் நம் ஊர்ச் சரக்கு, செம்பனையிலிருந்து எடுப்பது. பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக (யூஎஸ்எம்) ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மூளையின் வெண்பகுதியில் சேதத் தடங்கள் இருந்த 121 பேர் கலந்துகொண்டார்கள். நாளுக்கு இருமுறை 200 மில்லிகிராம், இரண்டு ஆண்டுகள். வெற்று மாத்திரைக்காரர்களுக்குச் சேதம் பெருகியது. டோகோட்ரைனால் எடுத்தவர்களுக்கு அப்படிப் பெருகவில்லை. உள்ளூர்ப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அங்கே அளந்தது ஸ்கேன் படத்தை. அம்மா பேரனின் பெயரை மறக்காமல் இருப்பாரா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. கிங்கோவுக்கு மேலே வைப்பேன், மறதிக்கு மருந்து என்று சொல்ல மாட்டேன்.

மஞ்சள் சத்தில் நம்பிக்கை தந்த 2018 கலிஃபோர்னியா ஆய்வில் இருந்தவர்கள் மொத்தமே நாற்பது பேர், மறதி நோய் இல்லாதவர்கள். வல்லாரையோ பாசாரில் பெகாகா என்று கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. துவையல் அரைக்கலாம், மலாய்க்காரர்களைப் போல உலாம் என்று பச்சையாகவும் சாப்பிடலாம். அதையே மாத்திரையாக்கிப் பல மடங்கு விலைக்கு வாங்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. தினசரி மல்டிவைட்டமினுக்குச் சமீபத்திய அமெரிக்க ஆய்வுகளில் சிறிய நன்மை தெரிந்தது உண்மை, ஆனால் அங்கே சோதித்ததும் பொதுவாக நலமாக இருந்த முதியவர்களை.

இந்த வரிசையில் நான் முதலில் நிறுத்துவது யாரும் கண்ணாடிக்குள் அலங்கரித்து வைக்காத வைட்டமின் பி12. அதையும் எல்லாருக்கும் சொல்லவில்லை, குறைபாடு இருப்பவருக்கு மட்டும். பி12 குறைந்தாலே மறதி, தடுமாற்றம், கால் மரத்துப்போவது எல்லாம் வரலாம். நம் வீடுகளில் அதற்கு வாய்ப்பு அதிகம். இனிப்பு நீருக்கு ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின், வயிற்றுப் புண்ணுக்கு ஓமெப்ரசோல், போதாததற்கு சைவச் சாப்பாடு. மூன்றுமே பி12-ஐக் குறைக்கக்கூடியவை. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், ஊசியாலோ மாத்திரையாலோ ஈடுகட்டலாம். அதற்காக மெட்ஃபார்மினை நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வும் இந்தப் பக்கமே சாய்கிறது. லேசான நினைவுக் குறைபாடு இருந்த 168 பேரில், பி6, பி12, ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களுக்கு மூளை சுருங்கும் வேகம் ஆண்டுக்கு 1.08 சதவீதத்துக்குப் பதில் 0.76 சதவீதமாக இருந்தது. பலன் கூடுதலாகத் தெரிந்தது ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் அதிகமாக இருந்தவர்களுக்கு. அல்சைமர் வந்தபின் கொடுத்துப் பார்த்த ஆய்வில் அது கைகொடுக்கவில்லை. குறைபாடு இல்லாதவர்களுக்கு முதுமை மறதியைத் தடுப்பதற்கென்று பி வைட்டமின், வைட்டமின் ஈ, ஒமேகா கொழுப்பு எதையும் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் சொல்லிவிட்டது.

டப்பாவில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பார்த்து மயங்குகிறவர்களும் உண்டு. எண்களுக்கு அடுத்து வரும் எழுத்து T என்றால் பாரம்பரிய மருந்து, N என்றால் ஊட்டச்சத்துப் பொருள். அந்த எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் பொருள் முறையாகப் பதிவானது என்பதற்குச் சாட்சி. மறதியைத் தீர்க்கும் என்பதற்கு இல்லை. இவை இரண்டும் இல்லாத இணையச் சரக்கை வாங்கவே வேண்டாம்.

அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போகும்போது வீட்டிலுள்ள மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள், நாட்டு மருந்து உட்பட. தும்மலுக்கென்று வாங்கி வைத்து, தூக்கம் வருகிறதே என்று பாட்டி தினமும் போடும் பிரிட்டன் (Piriton) ஒவ்வாமை மாத்திரையையும் மறக்காமல் சேருங்கள். முதியவர்களுக்கு மறதியைக் கூட்டும் மாத்திரைகளில் அதுவும் ஒன்று. பி12-ஓடு தைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். காது மந்தமாக இருந்தால் அதற்கும் ஒரு பரிசோதனை கேளுங்கள். பாதி "மறதி", சொன்னது காதில் விழாததால் வருவதாகவும் இருக்கலாம்.