9, 10-ஆம் வகுப்பில் சிறப்புக் கல்விச் சேவை எப்படி இருக்கிறது: தர்மபுரி, கிருஷ்ணகிரி பெற்றோருக்கும் ஹெச்.எம்.களுக்கும்

இங்கே மதிப்பிடுவது அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் படிக்கும் மாற்றுத்திறன் மாணவர்களுக்கு வட்டார வள மையம் (பி.ஆர்.சி.) வழியாகக் கிடைக்கும் உள்ளடக்கிய கல்விச் சேவையை. மருத்துவ முகாம், உபகரணம், உதவித்தொகை எல்லாம் பரவாயில்லை ரகம். பாடவேளைக்குள் நடக்க வேண்டியதில்தான் ஓட்டை. 5-க்கு இரண்டரை கொடுக்கலாம்.

2018 வரை 1 முதல் 8 வரைக்கும் ஒரு திட்டம், 9 முதல் 12 வரைக்கும் வேறு திட்டம். சமக்ர சிக்ஷா (ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம்) வந்து இரண்டையும் ஒன்றாக்கியது. ஆனால் வேலை செய்யும் முறை இன்னும் தொடக்கப் பள்ளிக்கானதுதான். மூன்றாம் வகுப்பில், பி.ஆர்.சி.யிலிருந்து வந்துபோகும் சிறப்பாசிரியர் ஒரே ஒரு வகுப்பாசிரியரிடம் பேசினால் போதும். ஒன்பதாம் வகுப்பில் ஐந்து பாடம், ஐந்து ஆசிரியர். வருகிற நாளில் அவர்களில் இரண்டு பேர் வேறு வகுப்பில் இருப்பார்கள், ஒருவர் விடுப்பு. கடைசியில் பையனை மட்டும் நூலக அறைக்குக் கூட்டிப் போய் வண்ண அட்டையும் மணிச்சட்டமும் வைத்து உட்கார வைப்பதோடு அன்றைய வருகை முடிகிறது. அந்த நேரம் வகுப்பில் நடந்த அறிவியல் பாடமும் அவனுக்குப் போச்சு.

நடுநிலை, உயர்நிலையில் 15 மாற்றுத்திறன் மாணவருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்பது 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் இந்தக் கணக்கைத் தாராளமாகக் கேட்கலாம். ஆள் வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். ஒரு மாணவருக்கு அரைப் பக்கம் எழுதி ஐந்து ஆசிரியரின் பாடக்குறிப்பேட்டிலும் ஒட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பார்வை குறைந்த மாணவி என்றால் அதில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: ஜன்னல் வெளிச்சம் முதுகுப் பக்கம் வரும்படி முன்வரிசை இடம், கரும்பலகையில் எழுதும்போதே வாய்விட்டுப் படிக்கவும், தேர்வுத் தாள் 18 பாயிண்ட் அளவுப் பெரிய எழுத்தில், படம் வரையும் கேள்விக்கு வாய்மொழி விளக்கம். ‘தனிக் கவனம் செலுத்தவும்’ என்று எழுதித் தரும் குறிப்பு காகிதச் செலவுதான்.

பொதுத்தேர்வுச் சலுகையில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் (ஸ்க்ரைப்), குறைபாட்டைப் பொறுத்து ஒரு மொழிப்பாட விலக்கு எனச் சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்று சேர்த்து தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பம் போக வேண்டும். பத்தாம் வகுப்பு அரையாண்டு முடிந்து தேடினால் சான்றில் பெயர் எழுத்து ஒன்று, எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவு) வேறொன்று என்று நிற்கும். ஒன்பதாம் வகுப்பு ஜூனிலேயே யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை), ஆதார், எமிஸ் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள்.

அனுமதி வந்தால் மட்டும் போதாது. ஸ்க்ரைப் வைத்து எழுதுவது தனிப் பழக்கம். பத்தாம் வகுப்புக் கணக்கில் வடிவியல் 8, வரைபடம் 8, ஆக 16 மதிப்பெண். கை நடுங்கும் பிள்ளைக்கு விடை தெரியும், சொல்லத் தெரியாது. 6 செ.மீ. ஆரமுள்ள வட்டத்துக்கு, மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளியுள்ள புள்ளியிலிருந்து தொடுகோடு வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். "முதலில் வட்டம். மையத்திலிருந்து புள்ளிக்கு 10 செ.மீ. கோடு. அதுக்கு மையக்குத்துக்கோடு. கோட்டை வெட்டுற இடத்துல காம்பஸ் வெச்சு 5 செ.மீ. ஆரத்துல இன்னொரு வட்டம். ரெண்டு வட்டமும் வெட்டிக்கிற ரெண்டு புள்ளியையும் வெளிப்புள்ளியோட சேருங்க. தொடுகோடு நீளம் 8 செ.மீ." இப்படிச் சொல்லிச் சொல்லி வரைய வைக்கும் பழக்கம் குறைந்தது பத்துப் பதினைந்து தடவை வேண்டும். பழகாத பிள்ளை "அந்தக் கோட்டைப் போடுங்க சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும். காலாண்டு, அரையாண்டு இரண்டுமே ஸ்க்ரைப் வைத்துத்தான் நடக்க வேண்டும்.

காதொலிக் கருவி தருவதில் குறை சொல்ல முடியாது. தந்த பிறகு பார்ப்பதில்தான் சேவை படுத்துவிடுகிறது. வளரும் வயதில் காதுத் துவாரமும் பெரிதாகும், காதுக்குள் பொருத்தும் பழைய அச்சு (மோல்டு) தளர்ந்து ‘கீ’ என்று விசிலடிக்கும். வகுப்பே திரும்பிப் பார்க்கும். அன்றோடு கருவி டப்பாவுக்குள். "மெஷின் ரிப்பேர்" என்று எழுதிவிடுவார்கள். தேவை புது அச்சு மட்டுமே. தினமும் முதல் பாடவேளைக்கு முன் மாணவருக்குப் பின்னால் நின்று ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்ற ஆறு ஒலிகளைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வையுங்கள், ஒரு நிமிட வேலை. ‘ஸ்’ மட்டும் கேட்கவில்லை என்றால் அச்சின் குழாயில் அழுக்கா, வியர்வை நீரா என்று முதலில் பாருங்கள். கருவியில் போடும் துத்தநாக-காற்று (ஜிங்க்-ஏர்) பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப் பட விட்டுத்தான் போட வேண்டும்.

சாய்தளம் எல்லாப் பள்ளியிலும் ‘உண்டு’. டேப் எடுத்து அளந்து பாருங்கள். 1-க்கு 12 என்பது விதி. 15 செ.மீ. உயரத்தில் மூன்று படி இருந்தால் 45 செ.மீ., அதற்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். இடமில்லை என்று 2 மீட்டரில் முடித்தால் சக்கர நாற்காலி பின்னால் கவிழும், இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். இடம் குறைவென்றால் நடுவில் ஒன்றரை மீட்டர் சமதளம் விட்டு ‘ட’ வடிவில் திருப்பலாம். வழவழ டைல்ஸ் வேண்டாம். கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். சாவி அலுவலக மேசை டிராயரில் இருக்கக் கூடாது.

ஓசூர், கெலமங்கலம், தளி பக்கத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை தமிழ் வாசிப்பில் திணறினால் உடனே கற்றல் குறைபாடு என்று முத்திரை குத்த வேண்டாம். வீட்டு மொழியில் கதை சொல்ல வைத்து, எண்களை வரிசையாகச் சொல்ல வைத்துப் பார்த்த பிறகே பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

மாற்றுத்திறன் மாணவிகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதம் ஊக்கத்தொகை. வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று ஜூனிலேயே பார்த்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு மாணவருக்கு 3,500 ரூபாய் என்று கேள்விப்படுவது திட்டச் செலவுக்கான வரம்பு. கையில் தரும் பணம் என்று நினைத்துப் பள்ளியோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

பொதுத்தேர்வு 1.15-க்கு முடியும், கூடுதல் நேரம் எடுக்கும் பிள்ளைக்கு 2.15. மற்ற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வண்டி அதற்குள் கிளம்பியிருக்கும். அஞ்செட்டி, வத்தல்மலைப் பக்கம் அடுத்த பஸ் எப்போது என்று ஊருக்கே தெரியும். பி.ஆர்.சி.யில் பயணப்படியும் துணையாள் படியும் கேட்கும்போதே தேர்வு நாட்களுக்குத் தனி ஆட்டோவையும் பேசி வைத்துவிடுங்கள். தேர்வறை தரைத்தளத்தில்தானா என்பதை முந்தின நாளே மையத்தில் நேரில் போய்ப் பாருங்கள், பையில் சாப்பாடு கட்டிக் கொடுங்கள்.