12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்: பிடபிள்யூஎம்மா, ஹிஸ்டரிசிஸா?

கடலூர் தேவனாம்பட்டினத்துப் படகுகளுக்கு பக் கன்வெர்ட்டர் (ஸ்விட்சை வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்ட்டேஜைக் குறைக்கும் சர்க்யூட்) கட்ட நினைக்கும் பிள்ளைகள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். பிடபிள்யூஎம் என்றால் நிலையான அதிர்வெண்ணில் ஸ்விட்ச் ஆனாக இருக்கும் நேரத்தை மட்டும் கூட்டிக் குறைப்பது. ஹிஸ்டரிசிஸ் என்றால் மேல், கீழ் என இரண்டு வோல்ட்டேஜ் எல்லைகளுக்குள் வெளியீட்டை வைத்திருப்பது.

சும்மா இருக்கும்போது குடிக்கும் கரண்ட்: டிஎல்494 போன்ற பழைய பிடபிள்யூஎம் ஐசி, லோடு இல்லாவிட்டாலும் சில மில்லிஆம்பியர் இழுக்கும். உள்ளே துடிப்பை உண்டாக்கும் ஆஸிலேட்டர் ஓடிக்கொண்டே இருக்குமே! ஹிஸ்டரிசிஸ் வைத்த மைக்ரோபவர் கம்பரேட்டருக்கு (இரண்டு வோல்ட்டேஜை ஒப்பிடும், மிகக் குறைந்த கரண்ட் ஐசி)ச் சில மைக்ரோஆம்பியர் போதும். ஆனால் ஒப்பிட வேண்டிய நிலையான வோல்ட்டேஜுக்கு, அதாவது ரெஃபரன்ஸுக்கு, சாதாரண ஜீனர் டயோடு போட்டால், மிச்சம் பிடித்ததை அதுவே விழுங்கிவிடும்.

சுலபம்: கம்பரேட்டரில் வெளியீடு இறங்கினால் ஸ்விட்ச் ஆன், ஏறினால் ஆஃப். அவ்வளவுதான். பிடபிள்யூஎம்முக்கு லூப் காம்பென்சேஷன் (வெளியீட்டைப் பார்த்துத் திருத்தும் சுற்று நிலையாக இருக்க ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் தேர்வு) கணக்குப் போட வேண்டும். பிசகினால் வெளியீடு ஊசலாடும்.

மின் இரைச்சல்: இங்கே பிடபிள்யூஎம்தான் மேல். அதிர்வெண் நிலையாக இருப்பதால் ஃபில்டர் போடுவது எளிது. மற்றதில் லோடுக்கு ஏற்ப அதிர்வெண் மாறும்.

விலை: பெரிய வித்தியாசம் இல்லை.

உப்புக்காற்று: கரண்ட் மிச்சம் பிடிக்க ஃபீட்பேக்கில் (வெளியீட்டு வோல்ட்டேஜை அளந்து திருப்பி அனுப்பும் பாதையில்) மெகா ஓம் ரெசிஸ்டர்கள் போடுவார்கள். போர்டில் உப்பு ஈரம் படிந்தால் கசிவு ஏற்பட்டு வெளியீட்டு வோல்ட்டேஜே நகர்ந்துவிடும். எதைக் கட்டினாலும் கோட்டிங் அடித்துவிடுங்கள்.

பக்கத்தில் விஎச்எஃப் செட் (படகு ரேடியோ) இருந்தால் பிடபிள்யூஎம். பெரும்பாலும் தூங்கிக்கிடக்கும் சோலார் விளக்கு, சென்சார் என்றால் ஹிஸ்டரிசிஸ்.