டொமைன் புரோக்கர் சேவை: 20 சதவீதம் கொடுக்கத் தகுமா?

வேண்டிய டொமைன் (இணையதளத்தின் முகவரிப் பெயர்) வேறொருவர் கையில் இருந்தால், டொமைன் பதிந்துதரும் பல ரெஜிஸ்ட்ரார் தளங்களில் ‘எங்கள் புரோக்கர் பேசி வாங்கித் தருவார்’ என்றொரு பொத்தான் வந்து நிற்கும். இந்த வகையில் அதிகம் தெரிந்தது கோடாடி என்ற ரெஜிஸ்ட்ராரின் சேவை. முதலில் ஒரு கட்டணம் கட்ட வேண்டும். பேரம் படிந்தால், பேசி முடித்த விலைக்கு மேல் 20 சதவீதம் கமிஷன். அதுவும் வாங்குபவர் தலையில்தான்.

உரிமையாளர் யாரென்றே தெரியாத பெயருக்கு இந்தச் சேவை உதவும். விற்பனைக்கு என்று பலகை மாட்டியிருக்கும் பெயருக்கு இது வீண் செலவு. எந்த ரகம் என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். டொமைனை பிரவுசரில் தட்டுங்கள். விலையோடு ஆஃப்டர்நிக், செடோ போன்ற டொமைன் சந்தைத் தளத்தின் பக்கம் திறந்தால் அங்கேயே நேராக வாங்கிவிடலாம், புரோக்கர் தேவையில்லை. பக்கம் எதுவும் திறக்காவிட்டால் டொமைனின் பதிவு விவரத்தைத் தேடி, அது எந்தச் சர்வரோடு இணைந்திருக்கிறது என்று சொல்லும் நேம்சர்வர் வரியைப் பாருங்கள். சந்தைத் தளத்தின் பெயர் அங்கே இருந்தால் அதுவும் விற்பனைச் சரக்குதான். 2018 மே மாதம் ஐரோப்பாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் நடைமுறைக்கு வந்ததிலிருந்து பெரும்பாலான பதிவுகளில் உரிமையாளரின் பெயரும் மின்னஞ்சலும் மறைக்கப்பட்டுவிட்டன. ஆனால் பதிவான தேதி, காலாவதித் தேதி, ரெஜிஸ்ட்ரார், நேம்சர்வர், நிலை ஆகியவை இன்றும் தெரியும். பாதி வேலை அவற்றிலேயே முடிந்துவிடும்.

புரோக்கருக்குக் கொடுக்கும் பணத்துக்கு உண்மையான மதிப்பு இரண்டு இடங்களில் இருக்கிறது: மறைந்திருக்கும் உரிமையாளரை எட்டுவது, வாங்குபவர் யார் என்பதைக் காட்டிக்கொள்ளாமல் பேசுவது. 2019-இல் வாய்ஸ் டாட் காம் 3 கோடி டாலருக்குக் கைமாறியபோது, வாங்கிய பிளாக் டாட் ஒன் நிறுவனத்துக்காகப் பேசியது கோடாடியின் புரோக்கர்கள்தான். பணபலம் உள்ள நிறுவனம் தன் பெயரிலேயே போய்க் கேட்டால் விலை அங்கேயே ஏறிவிடும். சிறு தொழில் தொடங்குபவருக்கு இந்தக் கவலை கிடையாது. தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி உருவாக்கி அவரே கேட்டுவிடலாம்.

இந்த ஏற்பாட்டில் பெரிய குறை ஒன்று உண்டு. வாங்குபவருக்காகப் பேசுகிறவரின் கூலி, விலை ஏற ஏற ஏறுகிறது. விலையைக் குறைத்தால் அவருக்கு நஷ்டம். தனிப் புரோக்கரை அமர்த்துவதாக இருந்தால் சதவீதத்தை விட்டு நிலையான தொகை பேசுங்கள். அல்லது உச்சவரம்பு ஒன்றை வைத்து, அதற்குக் கீழே மிச்சப்படுத்தும் பணத்தில் பங்கு தருவதாகச் சொல்லுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத புரோக்கர், யாருக்காகப் பேசப்போகிறார் என்பதை அப்போதே சொல்லிவிட்டார்.

விற்பவர் பக்கம் கணக்கே வேறு. ஆஃப்டர்நிக்கில் டொமைனின் நேம்சர்வரை அவர்களுடையதாக மாற்றிவைத்தால் கமிஷன் 15 சதவீதம், மாற்றாவிட்டால் 25. ஐயாயிரம் டாலர் விற்பனையில் அந்த ஒரு மாற்றம் 500 டாலரை மிச்சப்படுத்தும். ஆனால் அந்த டொமைனில் மின்னஞ்சல் ஓடிக்கொண்டிருந்தால் நேம்சர்வரை மாற்றாதீர்கள். மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகள் போய்விடும், வரும் கடிதங்கள் நின்றுவிடும். செடோவில் நிலையான விலை வைத்து அவர்களிடமே பார்க் செய்த (அவர்கள் பக்கத்தையே காட்டும்படி வைத்த) பெயருக்கு 10 சதவீதம், மற்றபடி 15, கூட்டாளித் தளங்கள் வழியாக விற்றால் 20. விகிதங்கள் மாறக்கூடியவை, பட்டியலிடும் நாளில் அவர்கள் கட்டணப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். இரண்டு இடத்திலும் பட்டியலிட்டால் இரண்டிலும் ஒரே விலை வையுங்கள். விற்றதும் டொமைனை வாங்குபவருக்குத் தானாக மாற்றித்தரும் ஏற்பாட்டையும் இரண்டிலும் ஏற்றிருந்தால், ஓரிடத்தில் விற்ற உடனே மற்றதில் நீக்குங்கள். இல்லாவிட்டால் ஒரே பெயரை இரண்டு பேர் வாங்கிவிடுவார்கள்.

இருபக்கத் தரகும் ஒரே பேரத்தில் சேர்ந்தால் என்ன ஆகும்? வாங்குபவரிடம் மொத்தம் 10,000 டாலர் இருக்கிறது என்று வையுங்கள். 20 சதவீதக் கமிஷன் போக விலையாகத் தர முடிவது 8,333. விற்பவர் 25 சதவீதம் கொடுத்தால் அவர் கைக்கு வருவது 6,250. வெளியே வந்த பணத்தில் 37.5 சதவீதம் நடுவிலேயே நின்றுவிட்டது. ‘இந்த விலைக்கு மேல் முடியாது’ என்று இரண்டு பேரும் முறுக்கிக்கொள்ளும் பேரங்களில் இந்த இடைவெளியையும் கணக்குப் பாருங்கள். நேரடியாகப் பேசியிருந்தால் இரண்டு பேருக்குமே கட்டுப்படியாகும் விலை அதற்குள்ளேயே இருக்கும்.

விற்பதற்குத் தனிப் புரோக்கரை அமர்த்தினால் சதவீதத்தை விடக் கூர்ந்து படிக்க வேண்டியது ஒப்பந்தத்தின் கடைசிப் பகுதி. அவருக்கு மட்டுமே உரிமை என்பது எத்தனை நாளைக்கு? ஒப்பந்தம் முடிந்தபின் விற்றாலும் கமிஷன் கேட்கும் ‘வால் காலம்’ எவ்வளவு? அந்தக் காலத்தில், அவர் எழுத்தில் பெயர் குறிப்பிட்டுப் பேசியவர்களுக்கு விற்றால் மட்டுமே கமிஷன் என்று எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே உங்களிடம் கேட்டவர்களின் பட்டியலை முதல் நாளே கொடுத்து விலக்கு வாங்குங்கள். ‘உங்களுக்கு இவ்வளவு, அதற்கு மேல் வருவதெல்லாம் எனக்கு’ என்ற ஏற்பாட்டை ஏற்கவே வேண்டாம். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கினால் அதைச் சொல்லியாக வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

இனி, கேட்காமலே வரும் கடிதங்கள். ‘என் கிளையன்ட் உங்கள் டொமைனில் ஆர்வமாக இருக்கிறார்’ என்று தொடங்கி ஒரு சிறு தொகையைச் சொல்லும் கடிதம் பெரும்பாலும் உண்மையானதுதான். அந்தத் தொகை மட்டும் ஆழம் பார்க்கும் அடிமாட்டு விலை. அதே சொல்லை வேறு முடிவுகளில் (டாட் காம், டாட் நெட் போன்றவை) யார் வைத்திருக்கிறார்கள், அந்தப் பெயரில் புதிதாக எந்த நிறுவனம் தொடங்கியிருக்கிறது என்று தேடிவிட்டு, ‘அந்த விலைக்கு விற்பதாக இல்லை, தகுந்த விலை வந்தால் பரிசீலிக்கலாம்’ என்று இரண்டு வரியில் நிறுத்துங்கள்.

விலை எவ்வளவானாலும் சம்மதம், ஆனால் முதலில் ஒரு மதிப்பீட்டுச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டு, குறிப்பிட்ட ஒரு தளத்தையே பரிந்துரைத்தால் அது மோசடி. மதிப்பீட்டுக் கட்டணம்தான் அவர்கள் குறி. பணம் போனபின் ‘கிளையன்ட்’ காணாமல் போவார். உங்கள் பெயரை வேறொரு நாட்டு முடிவில் யாரோ பதியப்போகிறார்கள், நீங்களே முந்திக்கொள்ளுங்கள் என்று அவசரப்படுத்தும் கடிதமும் இதே குடும்பம்.

இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. உங்கள் தொழிலுக்குப் பொருந்தும் டொமைனைச் சில நூறு டாலருக்குத் தருவதாக எழுதுவார்கள். பதிவைப் பார்த்தால் நிலை வரியில் ‘பெண்டிங் டிலீட்’ (நீக்கத்துக்குக் காத்திருக்கிறது) என்றிருக்கும். அதாவது எழுதியவரிடம் அந்தப் பெயர் இல்லவே இல்லை. சுமார் 5 நாளில் அது விடுபடும். நீங்கள் சரி என்றால் அவர் பிடித்துத் தருவார். அதே வேலையை, விடுபடும் பெயரைப் பிடித்துத்தரும் முன்பதிவுச் சேவையில் நீங்களே செய்யலாம்.

விற்பவராகக் கடிதம் அனுப்புபவர்களுக்கும் ஆபத்து உண்டு. டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு 1999-இல் ஏற்ற, டொமைன் தகராறுகளுக்கான யுடிஆர்பி விதிகளில், வணிகமுத்திரை உரிமையாளருக்கே செலவுக்கு மேற்பட்ட விலையில் விற்பதை முதன்மை நோக்கமாகக் கொண்டு பதிவு செய்வது கெட்ட எண்ணத்துக்குச் சான்று. பொதுச் சொல் என்றால் பரவாயில்லை. ஒரு நிறுவனத்தின் முத்திரைப் பெயர் என்றால் நீங்கள் அனுப்பிய கடிதமே வழக்கின் முதல் ஆவணமாகும்.

விலை படிந்தபின் எஸ்க்ரோ (டொமைன் கைமாறும்வரை பணத்தை வைத்திருக்கும் மூன்றாம் தரப்பு) இல்லாமல் எதையும் நகர்த்தாதீர்கள். எதிர்த்தரப்பு அனுப்பும் லிங்க்கை அழுத்தாமல், எஸ்க்ரோ தளத்தின் முகவரியை நீங்களே தட்டி உள்ளே போங்கள். பணம் வந்து சேர்ந்ததாக எஸ்க்ரோ தளத்தில் உங்கள் கணக்கில் காட்டியபின்தான், டொமைனை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றத் தேவையான ரகசிய எண்ணான ஆத் கோடு கொடுக்க வேண்டும். விற்பனைக்கு முன்னால் உரிமையாளர் பெயரையோ மின்னஞ்சலையோ திருத்தாதீர்கள். அதனால் 60 நாள் பூட்டு விழுந்தால் வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற முடியாது. அப்படி விழுந்துவிட்டால், வாங்குபவரை அதே ரெஜிஸ்ட்ராரில் கணக்குத் தொடங்கச் சொல்லி உள்ளுக்குள்ளேயே மாற்றித் தரலாம். பெரும்பாலும் அன்றைக்கே முடிந்துவிடும்.