கொரிய அழகுப் பொருள்களா, மெடிக்கலில் கிடைப்பவையா: குமரி மாவட்டத்துக்கு எது பொருந்தும்?

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள ஃபேன்சி கடைகளில் கொரிய சீரங்களும் (முகத்தில் பூசும் செறிவான திரவங்கள்) சன்ஸ்கிரீன்களும் உள்நாட்டுப் பொருள்களுக்குப் பக்கத்திலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன. எந்த நாட்டுப் பொருள் உயர்ந்தது என்று கேட்பதைவிட, எந்த வேலைக்கு எதில் பணம் போடுவது என்று பிரித்துப் பார்ப்பதே தோலுக்கும் கைக்காசுக்கும் நல்லது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சன்ஸ்கிரீனில் கொரியப் பொருளுக்குக் கூடுதலாகச் செலவழிக்க நியாயம் உண்டு. முகம் கழுவும் ஜெல்லிலும் ஈரப்பத க்ரீமிலும் நியாசினமைடு (வைட்டமின் பி3இன் ஒரு வடிவம்) சீரத்திலும் இல்லை. சிகப்பழகு க்ரீமோ, எங்கிருந்து வந்தாலும், லேபிள் சரியில்லை என்றால் வீட்டுக்குள் வரக்கூடாது.

இந்தப் பிரிவினைக்கு முதல் காரணம் தட்பவெப்பம். டோனர், எசன்ஸ், சீரம், ஆம்பூல், க்ரீம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசும் கொரியப் பழக்கம், சியோலில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்த் தோல் வறண்டு வெடிக்கும் குளிர்காலத்துக்கு மிகவும் பொருந்துகிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெறுகிற, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் மலையுமாக இருக்கிற நம் மாவட்டத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கிறது. இங்கே ஐந்து அடுக்குகளைப் பூசிக்கொண்டு பேருந்தில் ஏறினால், வியர்வை அடங்குவதற்குள் முகத்தில் எண்ணெயும் பிசுபிசுப்பும் தேங்கி, முகப்பரு உள்ளவர்களுக்குப் பரு இன்னும் அதிகமாகும்.

ஆனால் வெயில் விஷயத்தில் குமரி எந்தச் சலுகையும் தருவதில்லை. வட அகலாங்கு 8 பாகையை ஒட்டி இருப்பதால் ஆண்டில் இரண்டு முறை சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வருகிறது, மற்ற மாதங்களிலும் புற ஊதாக் கதிர் கடுமையாகவே இருக்கிறது, மேகம் மூடிய நாளிலும் அதில் பெரும்பங்கு கீழே இறங்கிவிடுகிறது. அதனால்தான் செலவழிப்பதற்கு இருக்கிற பணத்தின் பெரும்பகுதியை சன்ஸ்கிரீனுக்கு ஒதுக்கச் சொல்கிறேன்.

சன்ஸ்கிரீன் லேபிளில் இரண்டு குறியீடுகளைப் பார்க்க வேண்டும். எஸ்பிஎஃப் (SPF) என்பது, புற ஊதாக் கதிரில் தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் யுவிபி வகையைத் தடுக்கும் அளவு. பிஏ (PA) என்பது, கருந்திட்டுக்கும் சுருக்கத்துக்கும் காரணமாகி ஜன்னல் கண்ணாடியையும் ஊடுருவி வருகிற யுவிஏ வகையைத் தடுக்கும் அளவு; பின்னால் வரும் பிளஸ் குறிகள் கூடக் கூடத் தடுப்பும் கூடும். கொரியப் பொருள்களில் எஸ்பிஎஃப் 50+ உடன் பிஏ நான்கு பிளஸ் என்பது சாதாரணமாகக் கிடைக்கிறது. உள்நாட்டு டியூப்கள் சிலவற்றில் பிஏ இரண்டு அல்லது மூன்று பிளஸ்ஸோடு நிற்கிறது. எஸ்பிஎஃப் 30 சுமார் 97 சதவீத யுவிபி கதிரையும் 50 சுமார் 98 சதவீதத்தையும் தடுப்பதால், அந்த எண்ணை மட்டும் வைத்துச் சண்டை போடுவதில் பயனில்லை. சோதனைக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாக இரண்டு கோடு பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் அந்த அளவு வரும். நம்மில் பெரும்பாலோர் பொட்டளவு எடுத்துத் தேய்த்துக்கொள்கிறோம்.

கொரியப் பொருள் வெல்கிற இடமும் இதுதான். பியூட்டி ஆஃப் ஜோசன் நிறுவனத்தின் அரிசி சன்ஸ்கிரீன் போன்றவை லேசான க்ரீம்போலப் பரவி, மாநிறத் தோலில் சாம்பல் படியாமல் மறைந்துவிடுவதால், இரண்டு விரல் அளவையும் தயங்காமல் பூச முடிகிறது. டைட்டானியம் டை ஆக்சைடு அல்லது துத்தநாக ஆக்சைடு மிகுந்த பழைய வகை க்ரீம்களைக் கறுத்த தோலில் பூசினால் திருநீறு பூசிய மாதிரி வெளுப்பு தெரியும். (அந்த டைட்டானியத்தின் மூலப்பொருளான இல்மனைட், நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது.) ஆனால் இந்த முன்னிலை நிலையானதல்ல. கொரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் புதிய தலைமுறை வடிகட்டிகளை (புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சேர்மானங்களை) இந்திய நிறுவனங்களும் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன; அவற்றில் நல்ல ஜெல் கிடைத்தால் அதையே வாங்கலாம்.

கொரிய அச்சு என்றாலே கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. 2020 டிசம்பரில், எஸ்பிஎஃப் 50+ என்று அச்சிடப்பட்ட ப்யூரிட்டோ நிறுவனத்தின் ஒரு சன்ஸ்கிரீன், தனிப்பட்ட சோதனைகளில் 20ஐக்கூட எட்டவில்லை என்று வெளிவந்து, நிறுவனம் அதன் விற்பனையை நிறுத்த வேண்டி வந்தது. இன்னொரு குறையும் உண்டு. தினசரிப் பயன்பாட்டுக்கான கொரிய வகைகள் பலவும் தண்ணீரைத் தாங்கும் என்று லேபிளில் சொல்வதில்லை. கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் போகிறவர்களுக்கு அவை போதும். குளச்சலிலோ முட்டத்திலோ கடற்கரையில் நின்று வேலை பார்ப்பவருக்கும், மைதானத்தில் விளையாடும் பிள்ளைக்கும் தண்ணீர் தாங்கும் உள்நாட்டு டியூபே சரி. அதோடு தொப்பியோ தலைத்துண்டோ வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசவும் வேண்டும். விலையையும் கணக்கில் கொள்ளுங்கள். முறையான அளவில் நாளுக்கு இரண்டு முறை பூசினால் 50 மில்லி டியூப் ஒரு மாதம்கூட வராது.

முகம் கழுவுவதற்குக் கொரிய ஜெல் தேவையே இல்லை. அமில-கார அளவைக் காட்டும் பிஎச் (pH) எண் தோலில் 5ஐ ஒட்டி, அதாவது லேசான அமிலமாக இருக்க, சாதாரணக் குளியல் சோப்பில் அது 9 முதல் 10 வரை காரமாக இருப்பதுதான் முகத்தை இறுக்குகிறது. காரமில்லாத, மணமில்லாத ஜெல் எந்த மெடிக்கலிலும் கிடைக்கும். சில நிமிடங்களில் கழுவிப்போகிற ஒன்றுக்குக் கப்பல் வாடகை கொடுப்பானேன்?

சீரத்தில்தான் லேபிளை வரி வரியாகப் படிக்க வேண்டும். சேர்மானங்கள் அளவின் இறங்குவரிசையில் அச்சிடப்படுகின்றன. ஒரு சதவீதமும் அதற்குக் குறைவுமானவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பதனப்பொருளுக்கு உச்ச வரம்பே ஒரு சதவீதம். ஆகவே, முன்பக்கம் பச்சை இலை போட்டு வல்லாரை க்ரீம் என்று விற்பதன் பின்பக்கத்தில், வல்லாரைச் சாறு ஃபீனாக்ஸிஎத்தனாலுக்குப் பிறகு வந்தால், அதில் வல்லாரை ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்க வழியில்லை. நியாசினமைடு விஷயத்தில் இந்திய நிறுவனங்கள் 5 அல்லது 10 சதவீதம் என்று முன்பக்கத்திலேயே போடுகின்றன. கொரிய விதிகளில் நிறத்திட்டுக்கான அளவு 2 முதல் 5 சதவீதம். மூலக்கூறு இரண்டிலும் ஒன்றுதான்; 5 சதவீத உள்நாட்டு சீரமே போதும்.

வீட்டுப் பொருள்களையும் இதே கண்ணோடு பார்க்கிறேன். தேங்காய் எண்ணெய் தலைமுடியின் புரத இழப்பைக் குறைக்கிறது. பரு வரும் முகத்தில் அது துளைகளை அடைக்கக்கூடியது, வெயிலுக்குத் தடுப்பும் ஆகாது. கஸ்தூரி மஞ்சள் என்று சந்தையில் விற்கப்படுவது பல நேரங்களில் வேறொரு இனத்துக் கிழங்கு.

என் கவலையெல்லாம் லேபிளில்லாத க்ரீம்களைப் பற்றித்தான். நம் பக்கத்து மாநிலத்தில், மலப்புரம் மாவட்டத்தில், 2023இல் சிறுநீரகம் பழுதாகி வந்த நோயாளிகள் பலர் பாதரசம் கலந்த சிகப்பழகு க்ரீம்களைப் பயன்படுத்தியிருந்தது தெரியவந்தது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதனை நடத்திப் பொருள்களைக் கைப்பற்றியது. ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், மொமெட்டசோன் மூன்றும் சேர்ந்த க்ரீமை மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் பூசுவதும் இதே ஆபத்து வரிசையில்தான் வரும். அதிலுள்ள மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கி, நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகச் சிவக்க வைக்கும். பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசுகிற வீடுகளில் இதைத் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள்.

இறக்குமதிப் பொருளில் இதற்கு ஒரு நேரடிச் சோதனை இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, இந்தியாவில் விற்கும் வெளிநாட்டுப் பொருளில் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அச்சில் இருக்க வேண்டும். பெட்டியின் பின்புறம் ஒட்டிய வெள்ளைத் துண்டில் இந்த விவரங்கள் இல்லையென்றால், கடைக்காரர் எவ்வளவு தெரிந்தவரானாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பொருளில் அந்தத் துண்டு இருக்காது. அப்போது தயாரித்தவர் பெயரையும் காலாவதி நாளையும் சேர்மானப் பட்டியலையும் பாருங்கள். கொரியப் பெட்டிகளில் ஆண்டு முதலிலும் நாள் கடைசியிலும் வரும். திறந்த மூடிப் படத்துக்குள் 6 அல்லது 12 என்றிருந்தால், திறந்தபின் அத்தனை மாதங்களுக்குள் முடித்துவிட வேண்டும் என்று பொருள். வெயிலில் நிறுத்திய வண்டியின் டிக்கியில் சன்ஸ்கிரீனை வைத்திருப்பவர்கள் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.