ஸ்லோ குக்கரில் கோதுமைப் பால்கஞ்சி: மூன்று குளிர்காலம் ஓடிய பிறகு

மூணாறு மலையில் டிசம்பர், ஜனவரி விடியலில் புல்மேல் உறைபனி கிடக்கும். காலை மஸ்டருக்கு (தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) கிளம்பும் வீட்டில் அந்தக் குளிரில் அடுப்படியில் நின்று அரை மணி நேரம் கஞ்சி கிண்டுவது பெரிய பாடு. மெல்லிய சூட்டில் பல மணி நேரம் தானாக வேகவைக்கும் மின்பாத்திரமான ஸ்லோ குக்கர் அந்தப் பாட்டை உண்மையாகவே குறைக்கிறது. ஆனால் பாலையும் ரவையையும் நேராகப் பீங்கான் சட்டியில் கொட்டி வைத்தால் காலையில் கஞ்சி தேறாது.

பெரும்பாலான ஸ்லோ குக்கர்களில் சூட்டுக்கம்பி சட்டியின் பக்கவாட்டைச் சுற்றித்தான் ஓடுகிறது. அதனால் பால் சுவரைத் தொடும் விளிம்பில் ஆடை படிந்து, காய்ந்து, பழுப்பு வளையமாகிறது. நடுக்கஞ்சி நன்றாக இருந்தாலும் அந்தத் தீய்ந்த வாடை முழுவதிலும் இறங்கிவிடும். நெய் தடவினால் கழுவுவது சுலபமாகும், வாடை போகாது.

இதற்கு வழி, சட்டிக்குள் எவர்சில்வர் கிண்ணம். 3.5 லிட்டர் குக்கருக்கு ஒன்றரை லிட்டர் கிண்ணம் சரியாக உட்காரும். கிண்ணத்தில் கஞ்சி எந்த உயரமோ, வெளியே வெந்நீரும் அந்த உயரம்.

நான்கு பேருக்கு 100 கிராம் சம்பா கோதுமை ரவை, 400 மில்லி தண்ணீர், 400 மில்லி பால், ஒரு சிட்டிகை உப்பு. மூணாறு பஜாரில் 'நுறுக்கு கோதம்பு' என்று கேட்டால் பெரிய குருணையாகவே தருவார்கள். உப்புமாவுக்கு வாங்கும் பொடி ரவை ஏழு மணி நேரத்தில் பசையாகிவிடும். ஒரு ஸ்பூன் நெய்யில் குருணையை மணம் வரும்வரை வறுத்துக்கொண்டால் வெந்த பிறகும் பருக்கை தனித்தனியாகத் தெரியும்.

பாலைக் காய்ச்சி, சூடாகவே ஊற்ற வேண்டும். பச்சைப் பாலோ ஃபிரிட்ஜ் பாலோ ஊற்றினால் சூடேறவே சில மணி நேரம் போகும், அதற்குள் புளிப்பு ஏறித் திரிந்துவிடலாம். இரவு பத்து மணிக்கு லோவில் (குறைந்த சூட்டில்) வைத்தால் காலை ஐந்துக்குத் தயார். கிண்ணத்தை ஒரு தட்டால் லேசாக மூடினால் கண்ணாடி மூடியின் நீர் உள்ளே சொட்டாது. நடுவில் திறக்க வேண்டாம். ஒரு தடவை திறந்தால் போன சூடு திரும்ப இருபது நிமிடமாவது ஆகும்.

வெல்லம் கடைசியில்தான். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் கரிய இனிப்பு இந்தக் கஞ்சிக்காகவே காய்ச்சியதுபோல் பொருந்தும். என்றாலும் கொதிக்கும் பாலில் வெல்லம் பட்டால் அதிலுள்ள அமிலம் பாலைத் திரித்துவிடும். 80 கிராம் வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, கஞ்சி குடிக்கும் பதத்துக்கு ஆறியதும் சேர்க்கலாம். ஏலக்காயும் அப்போதுதான், இரவிலேயே போட்டால் மணமெல்லாம் ஆவியோடு போய்விடும். ஆற ஆறக் கஞ்சி இறுகும், அரை டம்ளர் சூடான பால் கைவசம் இருக்கட்டும்.

கரண்ட் செலவு பெரிதில்லை. 200 வாட் குக்கர் ஏழு மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் 1.4 யூனிட். மின்வெட்டுதான் பெரிய சிக்கல். டிஜிட்டல் வகை கரண்ட் போய் வந்ததும் பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். திருகு ஸ்விட்ச் வகை தானாகத் தொடரும், ஆனால் நடுவில் எத்தனை நேரம் ஆறிக் கிடந்தது என்று தெரியாது. காலையில் கஞ்சி வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். தானியத்தில் பெருகும் சில கிருமிகளின் நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, மழை கொட்டும் மாதங்களில் பிரஷர் குக்கரே பாதுகாப்பு.

பழைய குக்கரின் சூட்டை வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். பாதி தண்ணீர் ஊற்றி, மூடி, லோவில் எட்டு மணி நேரம் வைத்து, திறந்த உடனே தெர்மாமீட்டரால் பார்த்தால் 85 முதல் 93 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். குறைந்தால் அதில் பால் வைக்கக் கூடாது.

சூடான சட்டியைக் குழாய்த் தண்ணீரில் வைத்தால், மூணாறு குளிருக்கு, விரிசல் விழலாம். வெந்நீர் ஊற்றி அப்படியே ஆறவிட்டுக் கழுவுங்கள்.