செகாம்புட் டயர் கடை: அளந்து பார்த்த பிறகுதான் நட்டைக் கழற்றினார்கள்

டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்புக்குப் பெரிய டயர் போட வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. கம்பெனி அளவு 265/65 ஆர்17, அதாவது அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 65 விழுக்காடு, ரிம் 17 அங்குலம். முதலில் வேறொரு கடையில் 285/70 ஆர்17 போட்டேன், பார்க்க அவ்வளவு கம்பீரம், ஆனால் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் முன்டயர் உள்ளே உரசியது. பத்தாங் காலியில் மாமாவின் செம்பனைத் தோட்டத்துக்கு உரமூட்டை ஏற்றிக்கொண்டு போன அன்று, பள்ளத்துக்குப் பள்ளம் கரகரவென்று சத்தம். திரும்பப் போய்க் கேட்டதற்கு "ஓட ஓடச் சரியாயிடும் பாஸ்" என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அப்புறம்தான் கோலாலம்பூர் செகாம்புட்டில் நம்மவர் ஒருவர் நடத்தும் இந்தச் சின்னக் கடைக்குப் போனேன். அண்ணன் விலையே பேசவில்லை. டேப்பை எடுத்தார், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஒடிக்கச் சொன்னார், மட்கார்டுக்குள் டார்ச் அடித்துத் தேய்ந்த இடத்தைக் காட்டினார். "தம்பி, சஸ்பென்ஷனை உயர்த்தி வண்டியைத் தூக்காம இது உட்காராது. 265/70 போடுங்க, போதும்." பெரியதை விற்றிருந்தால் அவருக்குத்தான் லாபம், ஆனாலும் விற்க மறுத்துவிட்டார்.

கணக்கையும் அவரே காகிதத்தில் போட்டுக் காட்டினார். 285/70-இன் விட்டம் கம்பெனி டயரைவிட 7 விழுக்காடு அதிகம், அதாவது மீட்டர் 100 காட்டும்போது வண்டி 107-இல் போகும். காராக் நெடுஞ்சாலையில் கேமரா இருக்கும் இடத்தில் அது சம்மனில் கொண்டுபோய் விடும். 265/70-இல் அந்த வித்தியாசம் 3 விழுக்காடு சொச்சம்தான். வண்டி 13 மில்லிமீட்டர் உயரும், தோட்டத்துச் செம்மண் பாதைக்கு அதுவே தாராளம். டயர் தாங்கும் எடையைச் சொல்லும் சுமை எண்ணும் 112-இலிருந்து 115 ஆகிறது. மூட்டை ஏற்றுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

நான்கு டயர், பேலன்சிங், அலைன்மெண்ட் எல்லாம் சேர்த்து 2,600 வெள்ளி. மலிவு இல்லை. சனிக்கிழமை போனதால் மூன்று மணி நேரம் காத்திருந்தேன், அலைன்மெண்ட் மேடை ஒன்றுதான் இருக்கிறது, வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.

ஸ்பேர் டயர் பழைய அளவுதான். அதை மாட்டியிருக்கும்போது ஃபோர் வீலுக்கு (நான்கு சக்கரமும் இழுக்கும் ஓட்டத்துக்கு) மாற்றக் கூடாது, சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்றி கியரைக் கெடுக்கும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டை இறுக்கிப் பார்க்க வரச் சொன்னார். போனேன், பார்த்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.